தோமையாரின் அரண்மனை எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது?



சில மாதங்களாக நமது வாலிபர் பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாய்க் கேட்டு வருகிறார்கள். "சுவாமி, வேதாகமத்தில் சேர்க்காமல் விட்ட சுவிசேஷங்கள் இருக்கின்றனவாமே? திருச்சபை அவைகளை ஒளித்து வைத்துவிட்டதாமே? நாங்கள் அவைகளைப் படிக்கலாமா, படித்தால் பாவமா?" மணலியில் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் கைபேசியைத் திறந்தால் இந்தச் சங்கதியைப் பற்றிப் படம் படமாய் வந்து விழுகிறது. கேட்கிறவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. கேளாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறவனைக் காட்டிலும் கேட்கிறவன் மேல்.

அவர்களுக்கு விடை சொல்லுமுன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அர்ச். தோமையார் ஓர் அரசனிடம் அரண்மனை கட்டப் பணம் வாங்கி, அதை ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மோட்சத்தில் அரண்மனை கட்டினார் என்ற சரித்திரம் உங்களில் அநேகருக்குத் தெரியும். பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். ஜூலை 3-ந் தேதித் திருநாளில் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறீர்கள். அது வேதாகமத்தில் எந்தப் புஸ்தகத்தில், எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தில் தோமையார் வாய் திறக்கிற இடங்கள் சொற்பம். ஆண்டவரோடு சாகவும் தயார் என்கிறார். வழி தெரியவில்லையே என்கிறார். காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லி, பிறகு விசுவசித்து வணங்குகிறார். கடைசியாகத் திபேரியாக் கடலோரத்தில் மீன்பிடிக்கப் போனவர்களில் ஒருவராக நிற்கிறார். அப்போஸ்தலர் நடபடி முதல் அதிகாரத்தில் மற்றவர்களோடு அவர் பெயர் ஒருமுறை வருகிறது. அதற்குப் பின் வேதாகமம் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தியா என்ற பெயர் எஸ்தர் ஆகமத்தில் உண்டு. ஆனால் தோமையார் பெயரோடு சேர்ந்து எங்கேயும் இல்லை.

அப்படியானால் அரண்மனைக் கதை எங்கிருந்து வந்தது? எந்தப் புஸ்தகங்களைப் படிக்கலாமா என்று நமது வாலிபர் கேட்கிறார்களோ, அவைகளில் ஒன்றிலிருந்துதான் வந்தது. அதன் பெயர் "தோமையார் நடபடி". கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று துருக்கி தேசத்தில் இருக்கும் எதேசா பட்டணத்துப் பக்கத்தில், சீரிய மொழியில் எழுதப்பட்டது என்று பண்டிதர்கள் கருதுகிறார்கள். சீரியத்திலும் கிரேக்கிலும் அது இன்றும் கிடைக்கிறது. திருச்சபை அதை ஒருபோதும் வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆகவே, வேதாகமத்துக்குப் புறம்பான நூல்களோடு எனக்கென்ன என்று சொல்ல, சென்னையில் வாழும் கத்தோலிக்கன் ஒருவனுக்கும் இடமில்லை. தெரிந்தோ தெரியாமலோ நாம் அப்படிப்பட்ட ஒன்றின் நிழலில் வளர்ந்திருக்கிறோம்.

அந்தப் புஸ்தகம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அப்போஸ்தலர்கள் ஜெருசலேமில் கூடி, யார் எந்தத் தேசத்துக்குப் போவது என்று சீட்டுப் போடுகிறார்கள். தோமையாருக்கு இந்தியா விழுகிறது. அவரோ, நான் எபிரேயன், இந்தியர் நடுவில் எப்படிப் பிரசங்கிப்பேன், என் சரீரத்துக்குப் பலமில்லை என்று மறுத்துவிடுகிறார். அச்சமயம் இந்தியாவிலிருந்து கொந்தபோர் என்னும் அரசன் அனுப்பிய ஹப்பான் என்ற வியாபாரி, நல்ல தச்சன் ஒருவனைத் தேடிக் கடைவீதியில் நிற்கிறான். ஆண்டவர் அவனுக்குத் தோன்றி, என்னிடத்தில் ஓர் அடிமை இருக்கிறான் என்று சொல்லித் தோமையாரை வெள்ளிக்கு விற்று, சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்! அப்போஸ்தலர் இனிப் பேச வழியில்லை. மறுநாள் தம்முடைய விலைப் பணத்தையே கையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறார்.

உனக்கு என்ன வேலை தெரியும் என்று வியாபாரி கேட்கிறான். மரத்தில் ஏர், நுகம், தராசு, படகு, துடுப்பு, பாய்மரம் செய்வேன். கல்லில் தூணும் கோவிலும் அரண்மனையும் கட்டுவேன் என்கிறார் தோமையார். காசிமேட்டிலும் எண்ணூரிலும் படகு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரித்துக்கொள்வார்கள், நம்மவர்தான் என்பார்கள். நமது பகுதிக்கு வெளியூரிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். யாரோ ஓர் ஏஜெண்டு பேசி முடிக்கிறான். பாஷை தெரியாத ஊருக்கு அழைத்துப் போகிறான். போய்ச் சேருமுன் கைத்தொழில் என்ன என்று விசாரிக்கிறான். பழைய புஸ்தகம் நமது அப்போஸ்தலரை இந்த வரிசையில் நிறுத்துகிறது. வேறு எது எப்படியானாலும், இந்த இடத்தில் எழுதியவன் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரண்மனைக் கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஆனாலும் பிரசங்கங்களில் விட்டுப்போகிற ஒரு சங்கதி உண்டு. எப்போது கட்டுவாய் என்று அரசன் கேட்க, குளிர்காலத்தில் தொடங்குவேன் என்கிறார் தோமையார். எல்லாரும் வேனிற்காலத்தில் அல்லவா கட்டுவார்கள் என்று அரசன் ஆச்சரியப்படுகிறான். ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். நடுவில் ஆளனுப்பி, வேலை எவ்வளவில் இருக்கிறது என்று கேட்கிறான். சுவர் முடிந்தது, கூரைதான் பாக்கி என்று பதில் போகிறது. இன்னும் பணம் வருகிறது. அதுவும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போகிறது. கடைசியில் அரசன் வந்து பார்த்தால் ஒரு கல்லும் இல்லை. தோமையார் சிறையில் அடைக்கப்படுகிறார். அன்றிரவே அரசனுடைய சகோதரன் காத் என்பவன் இறந்து, மேலுலகில் அந்த அரண்மனையைக் கண்டு, உயிர்த்து வந்து, அண்ணா, அதை எனக்கு விலைக்குக் கொடு என்று கேட்கிறான். அரசன் கண் திறக்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று ஒதுக்கிய வித்துவான்கள் வெகுகாலம் இருந்தார்கள். கொந்தபோர் என்று ஓர் அரசனே இருந்ததில்லை என்றும் சொல்ல வழி இருந்தது. ஏனெனில் வேறு எந்தச் சரித்திரத்திலும் அவன் பெயர் தெரியவில்லை. ஆனால் 1830-களில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாப் பக்கத்திலும் பழைய நாணயங்கள் அகப்பட்டன. அவைகளில் அவன் பெயர் பொறித்திருந்தது. பிறகு, இப்போது பாகிஸ்தானத்தில் இருக்கும் தக்த்-இ-பாகி என்ற இடத்தைச் சேர்ந்த ஒரு கல்வெட்டிலும் அவன் பெயரும் ஆட்சி ஆண்டும் கிடைத்தன. ஆண்டவருடைய காலத்தை ஒட்டி, முதல் நூற்றாண்டில், வடமேற்கு இந்தியாவில் அவன் ஆண்டான் என்று அநேக சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இருநூறு வருஷம் கழித்து எதேசாவில் உட்கார்ந்து எழுதிய ஒருவனுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது? ஏதோ ஒரு பழைய ஞாபகம் வியாபாரிகளின் வாய்வழியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். கதை முழுவதும் நடந்தது என்று இதனால் ரூபிக்க முடியாது. கதைக்கு அடியில் தரை இருக்கிறது என்று மாத்திரம் சொல்லலாம்.

இவ்வளவு நல்ல புஸ்தகத்தைத் திருச்சபை ஏன் தள்ளிற்று என்று இப்போது கேட்பீர்கள். நீங்கள் குடும்பஸ்தர்கள், ஆனபடியால் இந்தப் பகுதியைக் கவனமாய்க் கேளுங்கள்.

அரண்மனைக்கு முன் அதே புஸ்தகத்தில் ஒரு கலியாணம் வருகிறது. வழியில் ஒரு பட்டணத்தில் அரசகுமாரிக்கு விவாகம். தோமையாரும் விருந்துக்குப் போகிறார். அன்றிரவு மணவறையில் ஆண்டவர் தோமையாருடைய உருவத்தில் தோன்றுகிறார். எதற்காக? மணமக்களை ஆசீர்வதிக்க அல்ல. ஒருவரையொருவர் தொடாமல் இருக்கும்படி புத்தி சொல்லத்தான். பிள்ளைகள் பிறந்தால் துன்பமே மிச்சம், ஒன்று நோயில் விழும், ஒன்று பேய் பிடித்து அலையும், ஒன்று கெட்டுப்போகும். பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கவேண்டுமென்று பெற்றோர் விதவைகளையும் அநாதைகளையும் கொள்ளையடிப்பார்கள் என்று போதிக்கிறார். (இந்தக் கடைசி வார்த்தையில் மாத்திரம் நியாயம் உண்டு; நமது பங்கிலும் சிலர் அதை யோசிக்கலாம்.) மணமக்கள் அப்படியே பிரிந்து வாழத் தீர்மானிக்கிறார்கள். புஸ்தகத்தின் முடிவிலும் இதே கதைதான். அரசனுக்கு உறவினனான காரிசியுஸ் என்பவனுடைய மனைவி மிக்தோனியா தோமையாரின் போதகத்தைக் கேட்டு, கணவனோடு வாழமாட்டேன் என்கிறாள். பிறகு மஸ்தாய் அரசனுடைய மனைவியும் அப்படியே சொல்கிறாள். அப்போஸ்தலர் கொல்லப்படுவதற்கு அந்தப் புஸ்தகம் சொல்லும் காரணம் இதுதான். நான்கு போர்வீரர்கள் அவரை ஊருக்கு வெளியே ஒரு மலைமேல் கொண்டுபோய் ஈட்டியால் குத்துகிறார்கள்.

கானாவூர்க் கலியாணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் கலியாணம், இங்கேயும் கலியாணம். அங்கே நமது ஆண்டவர் தம் திருமாதாவோடு போய் உட்கார்ந்து, திராட்சரசம் குறைந்துபோனபோது அந்த வீட்டின் மானத்தைக் காத்தார். இங்கே மணமக்களின் கையைப் பிரித்துவிடுகிறார். இரண்டும் ஒரே ஆண்டவராக இருக்க முடியுமா? அக்காலத்தில் சீரியா தேசத்தில், விவாகமே அசுத்தம் என்று எண்ணிய கூட்டத்தார் இருந்தார்கள். அவர்களுடைய எண்ணம் புஸ்தகத்துக்குள் புகுந்து, அப்போஸ்தலர் வாயிலும் ஆண்டவர் வாயிலும் ஏறிவிட்டது. அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், விவாகத்தைத் தடுக்கும் போதகர்கள் வருவார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். பெரிய மெய்வருத்தத்தோடு பெற்ற குழந்தைக்கு ஜுரம் என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் விழித்திருக்கும் தாயிடம் போய், இதெல்லாம் வீண், இந்தக் குழந்தை உன் மோட்சத்துக்குத் தடை என்று சொல்ல நமக்கு வேதம் இல்லை. அவள் விழித்திருப்பதே ஜெபம் என்று சொல்லத்தான் வேதம் இருக்கிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தப் புஸ்தகம் தோமையாரைக் கிறிஸ்துநாதரோடு பிறந்த இரட்டையர் போலவும் பேசுகிறது. தோமா என்ற பெயருக்கு இரட்டை என்பது பொருள் என்பதால் வந்த விபரீதம் இது.

துறவறம் உயர்ந்தது, திருச்சபை அதை மதிக்கிறது, நானே அதில் இருக்கிறேன். ஆனால் ஒரு தேவதிரவிய அநுமானத்தைப் பழித்து மற்றொன்றைப் புகழ யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அர்ச். அகுஸ்தீன் இந்தப் புஸ்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே கலியாண விருந்தில் பந்தி பரிமாறுகிறவன் ஒருவன் தோமையாரைக் கன்னத்தில் அறைந்தானாம். அவர் அவனைச் சபிக்க, தண்ணீர் மொள்ளப் போன அவனைச் சிங்கம் கிழித்துப் போட்டதாம். அவன் கையை ஒரு நாய் கவ்விக்கொண்டு விருந்துக்குள் வந்ததாம். மலைப் பிரசங்கத்துக்கு வியாக்கியானம் எழுதும்போது அர்ச். அகுஸ்தீன் இந்தக் கதையை எடுத்துச் சொல்கிறார். இது கத்தோலிக்க அட்டவணையைச் சேர்ந்த நூல் அல்ல, ஆகவே நாம் நம்பவேண்டிய கடமை இல்லை. ஆனால் மனிகேயர்கள் இதை மேன்மையாய்ப் படிக்கிறார்களே, தண்டனையைக் குறைகூறும் அவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கிறார். கவனியுங்கள். அவர் அதைப் படித்திருக்கிறார். படித்து, எடைபோட்டு, அதன் இடம் இன்னதென்று சொல்கிறார். படிக்காமல் பயந்து ஓடவுமில்லை, படித்து மயங்கவுமில்லை.

அதற்கும் முன்னே, கி.பி. 200-க்குச் சற்று முன்பின்னாக, அந்தியோக்கியாவில் செராப்பியோன் என்ற மேற்றிராணியார் இருந்தார். அவருடைய அதிகாரத்துக்குட்பட்ட ரோசுஸ் என்ற ஊரில் "இராயப்பர் சுவிசேஷம்" என்று ஒன்றைச் சிலர் வாசித்து வந்தார்கள். இராயப்பர் பெயர், நமது இராயபுரத்தில் படகுக்காரர்கள் 1829-ல் கட்டிய கோவிலுக்குப் பாதுகாவலரான அதே இராயப்பர். பெயரைப் பார்த்து யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? மேற்றிராணியாரும், வாசியுங்கள் என்று முதலில் சொல்லிவிட்டார். பிறகு அதன் பிரதியை வாங்கித் தாமே படித்துப் பார்த்தார். பெரும்பாகம் சரியாயிருந்தது, ஆனால் ஆண்டவர் மெய்யாகவே பாடுபடவில்லை, பாடுபட்டதுபோல் தோன்றினார் என்று சொல்லும் கூட்டத்தாருக்கு இடங்கொடுக்கும் சேர்க்கைகள் இருந்தன. உடனே எழுதினார்: இராயப்பரையும் மற்ற அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப் போலவே ஏற்றுக்கொள்கிறோம், அவர்கள் பெயரைப் பொய்யாய்த் தாங்கிவரும் நூல்களை ஏற்கோம் என்ற கருத்தில். அட்டவணை உருவானது இந்த விதமாகத்தான். ஒரு நாள் இரவில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினதல்ல. அப்போஸ்தலரிடமிருந்து வந்ததா, எல்லாச் சபைகளிலும் பூசையில் வாசிக்கப்பட்டதா, கையளிக்கப்பட்ட விசுவாசத்துக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பல தலைமுறை கழிந்தது. 367-ல் அர்ச். அத்தனாசியார் தமது பாஸ்குக் கடிதத்தில் புதிய ஏற்பாட்டின் 27 புஸ்தகங்களையும் வரிசையாய் எழுதினார். 397-ல் கார்த்தேஜ் சங்கம் அதே 27-ஐயும் சொல்லிற்று. திரிதெந்தின் சங்கம் 1546-ல் முழு வேதாகமத்தின் அட்டவணையையும் விசுவாச சத்தியமாக உறுதிப்படுத்திற்று.

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். பட்டியலில் இல்லாத பெட்டி கப்பலில் ஏறாது. அதனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் விஷம் என்று அர்த்தமா? யாருடைய சரக்கு, எங்கிருந்து வந்தது என்று பொறுப்பேற்க ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

ஒளித்து வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். தோமையார் நடபடியின் சீரிய மூலத்தைக் கையால் எழுதிக் காப்பாற்றி வைத்தவர்கள் சந்நியாசிகள். ஒளிக்க நினைத்தவர்கள் பிரதி எடுப்பார்களா? 384-ல் எஜேரியா என்ற ஒரு பக்தியுள்ள ஸ்திரீ மேற்குத் தேசத்திலிருந்து எதேசாவுக்கு யாத்திரை போய், தோமையாரின் கல்லறைக் கோவிலில் ஜெபம் செய்து, அவரைச் சேர்ந்த சில எழுத்துக்களை அங்கேயே வாசித்ததாகத் தமது பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சீரிய மூலம் 1871-ல் லண்டனில் அச்சாகி, எல்லாரும் வாங்கும்படி வந்துவிட்டது. தடை செய்யப்பட்ட நூல்களின் அட்டவணை என்று முன்பு இருந்ததையும் திருச்சபை 1966-ல் நிறுத்திவிட்டது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு முழு உண்மையைச் சொன்னவனாக மாட்டேன். நமது அண்டை நாடான மலையாளத்தில், 1599-ம் ஆண்டு ஜூன் மாதம், உதயம்பேரூரில் கோவா அதிமேற்றிராணியார் மெனேசஸ் கூட்டிய சங்கம், தோமா கிறிஸ்தவர்கள் வைத்திருந்த சீரியச் சுவடிகளில் பலவற்றைக் கண்டனம் செய்தது. சேசுநாதரின் பாலப்பருவத்தைப் பற்றிய ஒரு கதைப் புஸ்தகமும் அந்த வரிசையில் இருந்தது. சுவடிகளைத் திருத்தினார்கள், பலவற்றைத் தீயிலும் போட்டார்கள். தவறான போதகத்தைத் தவறு என்று சொல்வது மேய்ப்பனுடைய கடமை. நெருப்பு வேறு சங்கதி. அன்று எரிந்த ஏடுகளோடு நமது நாட்டின் மிகப் பழைய கிறிஸ்தவர்களுடைய ஞாபகத்தில் எவ்வளவு எரிந்துபோயிற்றோ, இன்று ஒருவராலும் அளக்க முடியாது. இதை மூடி மறைப்பதால் சத்தியவேதத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

நிற்க. அட்டவணையில் சேராத நூல்களிலிருந்து திருச்சபை ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லையா என்றால், எடுத்துக்கொண்டிருக்கிறது. தேவமாதாவின் பெற்றோர் பெயர் என்ன? அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் என்று குழந்தைகளும் சொல்லும். ஜூலை 26-ந் தேதி அவர்களுக்குத் திருநாள் கொண்டாடுகிறோம். நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப்பாருங்கள். அந்தப் பெயர்கள் கிடைக்கமாட்டா. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட "யாகப்பர் முதல் சுவிசேஷம்" என்ற நூலில்தான் இருக்கின்றன. கன்னிமரியம்மாள் குழந்தைப் பருவத்தில் தேவாலயத்தில் ஒப்புக்கொடுக்கப்பட்டதும், நவம்பர் 21-ந் தேதித் திருநாளாக நாம் கொண்டாடுவதும், அதே நூலில் முதலில் எழுதப்பட்டது. சூசையப்பர் சுரூபத்தின் கையில் பூத்த கோல் பிடித்திருக்கிறாரே, அதன் வேரும் இப்படிப்பட்ட நூல்களில்தான். கிறிஸ்மஸ் குடிலில் நீங்கள் வைக்கும் எருதும் கழுதையும் லூக்காஸ் சுவிசேஷத்தில் இல்லை. இசையாஸ் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தை நினைத்து, பின்னால் வந்த ஒரு நூல் அவைகளை முன்னணையண்டை கொண்டுவந்து நிறுத்திற்று. வேதாகமத்துக்குள்ளேயே இதற்கு முன்மாதிரி உண்டு. யூதா எழுதிய நிருபம் ஏனோக்கின் பெயரால் வழங்கிய ஒரு பழைய நூலின் வாசகத்தை எடுத்தாளுகிறது. அதனால் ஏனோக்கு நூல் நமது வேதாகமத்தில் ஏறிவிடவில்லை. எத்தியோப்பிய சபை அதை வைத்திருக்கிறது. பூவைப் பறித்துக்கொண்டு செடியைத் தோட்டத்துக்கு வெளியிலேயே விட்டார்கள் என்று சொல்லலாம்.

நமது தெருக்களில் அடிக்கடி எழும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பிரிந்த சகோதரர்கள் சிலர், உங்கள் வேதாகமத்தில் தள்ளுபடி ஆகமங்கள் இருக்கின்றன என்று சொல்வார்கள். அவர்கள் குறிப்பது தோபியாஸ், யூதித்து, ஞானாகமம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகமங்கள் ஆகியவை. இவை இதுவரை நான் பேசிய கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆதிக் கிறிஸ்தவர்கள் வாசித்த கிரேக்க வேதாகமத்தில் இவை இருந்தன. திருச்சபை இவைகளைத் தேவ ஏவுதலால் எழுதப்பட்டவை என்று ஏற்றுக்கொள்கிறது. 1995-ல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பிலும் இவை அச்சாகியுள்ளன. இதற்காகப் பக்கத்து வீட்டாரோடு சண்டை வேண்டாம்.

கைபேசிப் படங்களில் அதிகமாய் அடிபடுவது "தோமையார் சுவிசேஷம்". அது வேறு, தோமையார் நடபடி வேறு. 1945-ல் எகிப்து தேசத்து நாக் அம்மாதி என்ற ஊரருகே ஜாடிக்குள் அகப்பட்ட சுவடிகளில் அது ஒன்று. ஆண்டவருடையவை என்று 114 வாக்கியங்கள் மாத்திரம் அதில் இருக்கின்றன. பிறப்பும் இல்லை, பாடும் இல்லை, உயிர்ப்பும் இல்லை. சில வாக்கியங்கள் நமது சுவிசேஷங்களில் உள்ளவைதாம், சில விளங்காதவை, கடைசி வாக்கியம் ஸ்திரீகளை இழிவுபடுத்துவது. காயத்தில் கையிட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டவருடைய பெயரை, காயமே இல்லாத ஒரு புஸ்தகத்துக்கு வைத்தார்கள். பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 2006-ல் தோமையாரைப் பற்றிப் போதிக்கையில், நடபடியையும் இந்தச் சுவிசேஷத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவை திருமுறையில் சேராதவையானாலும் கிறிஸ்தவத்தின் ஆதிகாலத்தை ஆராய்வதற்கு முக்கியமானவை என்றார்.

இனி, சிலருடைய மனதில் உறுத்தும் கடைசிக் கேள்வி. அந்தப் புஸ்தகம் வேதாகமம் அல்ல என்றால், தோமையார் மயிலாப்பூருக்கு வந்ததும் பொய்யா? அந்தப் புஸ்தகத்தில் மயிலாப்பூர் என்ற பெயரே இல்லை. அவர் மரித்த மலை எந்த ஊர் மலை என்றும் அது சொல்லவில்லை. பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் இவைகளின் பாரம்பரியம் வேறு வழியாக வந்தது. மலையாளக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியும் பாடியும் காத்தது ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ, இந்தக் கடற்கரையில் அப்போஸ்தலரின் கல்லறை இருப்பதையும், கிறிஸ்தவர்களும் மற்றவர்களும் அங்கே யாத்திரை வருவதையும் எழுதினது இன்னொன்று. போர்த்துக்கீசியர் 1523-ல் கல்லறையைத் தோண்டினதும், 1547-ல் பரங்கிமலையில் பாலவி எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவை அகப்பட்டதும் அதற்குப் பின். நடபடி சொல்லும் கொந்தபோர் வடமேற்கில் ஆண்டவன். நமது பாரம்பரியம் சொல்லும் இடம் சோழமண்டலக் கரை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிக் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. கட்டாமல் தனித்தனியே வைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பெரிய மலையின் படிகளில் முழந்தாளில் ஏறுகிற விதவையின் பக்தி, ஒரு சீரிய எழுத்தாளனுடைய மையை நம்பி நிற்கவில்லை. ஆண்டவருடைய காயத்தைக் கண்டு விசுவசித்த அந்த மனிதரைப் பற்றி அர்ச். அருளப்பர் எழுதினது அவளுக்குப் போதும்.

ஆகையால் படிக்கலாமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு: படிக்கலாம். முதலில் நான்கு சுவிசேஷங்களையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது வாசித்து முடித்துவிட்டு வாருங்கள். இதைக் கேட்ட வாலிபர்களிடம் நான் விசாரித்தபோது, மாற்கு சுவிசேஷத்தை முழுதும் படித்தவர் ஒருவரும் இல்லை. அது இரண்டு மணி நேரத்துக்குமேல் பிடிக்காது. அதன்பின் தோமையார் நடபடியைப் படிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் வரலாம். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். சிறுவர்களுக்கு வேண்டாம். புதிதாய் விவாகமானவர்கள், கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்.

ஞானோபதேச ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அரண்மனைக் கதையைத் தாராளமாய்ச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் வேதாகமத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டாம். தோமையார் நடபடி என்ற பழைய நூலில் எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் கைபேசியில் வேறொருவன் வாயால் இதை முதன்முதல் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.